நாலு அங்குலக் குளிர்

தங்கச்சிமடத்தில் மே மாதம்.
கரண்ட் போன மத்தியானம்.
ஒரு கரடிக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு கரடிகள், கொடைக்கானல் கடைக்கு.
உயரம் நாலு அங்குலம்.
எல்லாவற்றுக்கும் மஃப்ளர், காது மூடும் தொப்பி.
மூன்றுக்கு மட்டும் முதுகுப்பை;
பையில் திறந்து மூடுகிற பித்தான் வேண்டுமாம்.
குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஐஸ் கம்பெனி வாசலில் காலில் படுகிற ஈரம்தான்.

விரல் வியர்த்து நூல் ஊசியில் ஒட்டுகிறது.
கையில் பவுடரைத் தட்டிக்கொண்டு மறுபடி:
வளையத்துக்குள் ஆறு கண்ணி,
அடுத்த சுற்றில் பன்னிரண்டு,
அப்புறம் பதினெட்டு.
பதினெட்டில் எண்ணிக்கை தப்பினால்
பல்வலிக்காரன் கன்னம் மாதிரி
தலை ஒரு பக்கம் வீங்கிவிடும்.

கண் வைக்கிற இடம் அதைவிட மோசம்.
ஒரு வரிசை இறங்கினால் கெஞ்சும்.
ஒரு வரிசை ஏறினால்
கடன் கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்க்கும்.
ஆறாவது கரடிக்கு மூன்று தரம் கண்ணைப் பிடுங்கினேன்.

கருவாட்டு வாசம் ஏறிவிடக் கூடாதென்று
நூலுருண்டைகளெல்லாம் பிஸ்கட் டின்னுக்குள்.
மூடியைத் திறந்தால் கச்சான் காற்று
வெள்ளை நூலைத் தேடிவந்து மணலைப் போடுகிறது.

தடைக்காலம், அறுபத்தோரு நாள்.
என் வீட்டுக்காரர் டெரன்ஸ்
குளித்து, சாப்பிட்டு, தூங்கி, மறுபடி குளித்து,
வேறு போக்கில்லாமல் எனக்கு எதிரே உட்காருகிறார்.
"கண்ணி இவ்வளவு நெருக்கமா இருக்கே,
இதுல என்னத்தப் புடிக்க?"
"பஞ்சு புடிக்க."

அவர் தொழிலில் இடைவெளிதான் வலை;
தண்ணீர் போக வேண்டும்,
குஞ்சு தப்ப வேண்டும் (அது சட்டம்).
என் தொழிலில் ஊசிமுனை அளவு சந்து தெரிந்தாலும்
வயிற்றுப் பஞ்சு எட்டிப் பார்க்கும்.
கடைக்கார மேகவர்ணா
போட்டோ எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு
ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்புவாள்.

மிச்ச நூலில் பதிமூன்றாவது ஒன்று.
கட்டம் போட்ட கைலி,
ஆரஞ்சில் உயிர்காப்புச் சட்டை,
சாம்பல் நூல் கொஞ்சம் கிடந்ததால்
அதற்கும் ஒரு மஃப்ளர்.
டெரன்ஸ் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பட்டி கால் இடுக்கு வழியா வரணும்.
இல்லன்னா சட்டை மட்டும் மிதக்கும்.
ஆளு உள்ள போயிரும்."
சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.
யாரை நினைத்தாரென்று நான் கேட்கவுமில்லை.
பட்டியைப் பிரித்து
கால் இடுக்கு வழியாகப் பின்னிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம்
தீக்குச்சியை அளவுகட்டையாக வைத்து
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலை முடிந்து
அதன் தோளில் போட்டார்.
அதில் ஒரு எறும்புகூட மாட்டாது.
மாட்டினாலும் திரும்பப் போய்விடும்.

பன்னிரண்டும் கொரியரில் மலையேறின.
தடை முடிந்து, டோக்கன் வாங்கி
படகுகள் புறப்பட்ட அன்று
பதிமூன்றாவதை ஜன்னலில் காணோம்.

மறுநாள் காலை சாப்பாட்டு வாளியோடு திரும்பி வந்தது.
உடம்பெல்லாம் டீசல் நாற்றம்,
ஒரு காதில் கிரீஸ்.
கைலி இருந்தது, வலை இருந்தது.
"மஃப்ளர் எங்க?"
"டீசல் குழாய் கசிஞ்சிருச்சு.
கைக்கு அதுதான் கிடைச்சது, சுத்திக் கட்டினேன்."
"நின்னுச்சா?"
"எங்க நிக்க! சொட்டிக்கிட்டேதான் வந்துச்சு.
ஆனா, வந்துட்டோம்ல."

மேகவர்ணாவிடமிருந்து செய்தி:
ஒரு கரடியின் மஃப்ளர் சற்றே நீளம்,
அடுத்த தடவை கவனிக்கவும்.
சரி என்று பதில் போட்டேன்.

டின்னைத் திறந்து சாம்பல் நூலை எடுத்தேன்.
முன்பு அகலம் ஆறு கண்ணி; இப்போது பத்து,
இரட்டை நூல்.
குழாய் என்ன சுற்றளவு என்று கேட்டால்
பெருவிரலையும் சுட்டுவிரலையும்
வளைத்துக் காட்டுகிறார்.
அந்த வளையத்துக்குள் நூலை விட்டு
அளந்துகொண்டிருக்கிறேன்.
"கூசுது" என்கிறார்.
"கைய அசைக்காதீங்க."